காலேஜ் அசைன்மென்ட்டுக்கு ஒரு பாலைவன விஞ்ஞானியப் பத்தி எழுதணுமா? முதல்ல ஒரு டேப்பும் நூல்கண்டும் வாங்குங்க

போன ஜூன் கடைசில எங்க அண்ணன் பொண்ணு வந்து, அத்தை இதக் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்னு லேப்டாப்ப நீட்டுனா. பாட்டனி ரெண்டாம் வருஷம், இங்க டெல்லிலதான் படிக்கிறா. வறண்ட நிலத் தாவர ஆராய்ச்சியாளர் ஒருத்தரோட பணியும் பங்களிப்பும், அதான் தலைப்பு, நவம்பர்ல குடுக்கணுமாம். அவ எடுத்துக்கிட்டது ஃபாரஸ்ட் ஷ்ரீவ்னு ஒரு அமெரிக்கர். எட்டு பக்கம் அடிச்சே முடிச்சிருந்தா. பொறந்தது 1878, பிஎச்டி 1905, அரிசோனால இருக்கற டூசான் ஊருக்குப் போனது 1908, காலமானது 1950. தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா மொத்தமும் படிச்ச பிறகும் அந்த மனுஷன் காலைல எழுந்து போய் என்ன வேலை பாத்தாருன்னு எனக்கு வெளங்கவே இல்ல. அவளக் கேட்டேன், அவளுக்கும் வெளங்கல.

அதனால அந்த எட்டு பக்கத்தையும் மூடி வெச்சுட்டு வேற வழில பண்ணோம். அந்த வழியத்தான் இங்க எழுதறேன், இந்த மாதிரி அசைன்மென்ட் வாங்கிட்டு முழிக்கிற டெல்லி தமிழ்ப் புள்ளைங்க நெறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும். ஒரே விஷயம்தான், அந்த விஞ்ஞானி செஞ்ச அளவு வேலைல ஏதாவது ஒண்ண நீங்களே உங்க கையால செஞ்சு பாருங்க, எழுதறது அப்புறம்.

மொதல்ல அவரோட வாழ்க்கைய ஊர் ஊரா பிரிச்சு வெச்சுக்கோங்க. பட்டம், பதவி, விருதுன்னு போனா எல்லா விஞ்ஞானியும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. ஷ்ரீவ பாருங்க, பாலைவனத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் ஜமைக்கால மலை மேல இருக்கற மழைக்காட்டுல வேலை பாத்தவர், அதப் பத்தி 1914ல ஒரு புத்தகமே போட்டார். எந்நேரமும் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கற காட்டுல செடிய அளந்த ஆளு, மழையே எப்பவாவது எட்டிப் பாக்கற டூசான்ல துமாமாக் குன்று மேல போய் உக்காந்தார். அங்க கார்னெகி நிறுவனம் 1903ல ஒரு பாலைவன ஆய்வுக்கூடம் கட்டியிருந்தது. அவருக்கு முன்னாடியே அங்க இருந்த ஸ்பால்டிங்னு ஒருத்தர் 1906ல 19 சதுரம் குறிச்சு, அதுக்குள்ள எந்தச் செடி எங்க நிக்குதுன்னு வரைஞ்சு வெச்சிருந்தார். அடுத்த வருஷம் குன்றச் சுத்தி வேலி போட்டு ஆடு மாடு உள்ள வராம பண்ணிட்டாங்க. ஷ்ரீவ் அந்தச் சதுரங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் எண்ணுனார். எங்க பொண்ணோட எட்டு பக்கத்துல இந்தச் சதுரம் பத்தி ஒரு வரி கூட இல்ல!

சரி, இப்ப வேலைக்கு வருவோம். நாங்க இருக்கறது முனிர்கா, பக்கத்துலயே சஞ்சய் வன். ஆரவல்லி மலையோட வால் நுனிதான் டெல்லி ரிட்ஜ், கீழ குவார்ட்ஸைட் பாறை, மேல கொஞ்சூண்டு மண்ணு. நீங்க வடக்க இருந்தா யுனிவர்சிட்டி பக்கத்துல இருக்கற நார்த் ரிட்ஜ் போங்க. தேவையான சாமான்: 20 மீட்டர் டேப் ஒண்ணு, நூல்கண்டு ஒண்ணு, ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டுன பிவிசி பைப் நாலு, மூலைக்கு எல்போ நாலு, கோடு போட்ட நோட்டு, பென்சில். பேனா வேணாம், வேர்வைலயும் மழைலயும் ஊறிப் போயிடும், எங்க முதல் நாள் கணக்கு ஒரு பக்கம் முழுக்க அப்படித்தான் ஊதா கலர் கறையா ஆச்சு. இன்னொண்ணு, ரிட்ஜ் பாதுகாக்கப்பட்ட காடு, அங்க ஆணி அடிக்கறது செடி புடுங்கறது எதுவும் கூடாது. பைப் சட்டத்தத் தரைல வெச்சு எண்ணி முடிச்சு கையோட எடுத்துட்டு வந்துடணும். அதே எடத்த அடுத்த தடவ கண்டுபிடிக்க போன்ல லொகேஷன் மட்டும் போதாது, நாலு திசையிலயும் பாறை மரம் எல்லாம் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நாங்க முதல்ல மஞ்சள் நூல் கட்டி அடையாளம் வெச்சோம், மறுவாரம் போனா நூலும் இல்ல ஒண்ணும் இல்ல, கொரங்கு வேலையா இருக்கும்.

முதல் அளவு, டேப்ப தரைல நேரா இழுத்து விட்டு, அதுக்கு மேல எந்த மரத்தோட கிளை எத்தன சென்டிமீட்டர் வரைக்கும் மறைக்குதுன்னு எழுதறது. அவ்ளோதான், கூட்டி 20 மீட்டரால வகுத்தா மூடு சதவீதம் வந்துடும். எங்களுக்கு வந்தது: சீமைக்கருவேலம் மொத்தம் 11 மீட்டர் 60 சென்டி, அதாவது 58 சதவீதம். ஆடாதோடை 2 மீட்டர் 40, அது 12. வெள்வேல் ஒரே ஒரு எடத்துல 90 சென்டி, நாலரை.

ஆமா, நம்ம ராமநாதபுரம் விருதுநகர் பக்கம் கண்மாயெல்லாம் அடைச்சுக்கிட்டு நிக்குதே, அதே சீமைக்கருவேலம்தான். இங்க விலாயத்தி கீக்கர்னு பேரு. 1915 வாக்குல வெள்ளக்காரன் டெல்லிக்குக் கொண்டாந்து ரிட்ஜ்ல வெச்சது, இன்னிக்கு காடே அதுதான். பொண்ணு இங்கயே பொறந்து வளந்தவ, ஊருக்குப் போறப்ப பஸ் ஜன்னல்ல பாத்த அந்த முள்ளுக் காடும் சஞ்சய் வன்னும் ஒரே மரம்னு அன்னிக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சது. இந்த மரத்தோட சொந்தக்காரங்க ஷ்ரீவோட ஊர்லயே இருக்காங்க, டூசான் பக்கத்துல ஒரு சுரங்கம் தோண்டும்போது 53 மீட்டர் ஆழத்துல அந்தச் சாதி மரத்தோட வேர் கெடச்சுது, 1963ல அதப் பதிவு பண்ணாங்க.

ரெண்டாவது அளவுதான் முக்கியம், இதுக்குத்தான் மூணு மாசம் வேணும். ஒரு மீட்டர் சட்டத்தத் தரைல வெச்சு உள்ள மொளச்சிருக்கற கன்னுங்கள ஒண்ணொண்ணா எண்ணணும், அப்புறம் அதே எடத்துக்கு ஆகஸ்ட்லயும் அக்டோபர்லயும் போகணும். நாங்க எடுத்தது நீல்காய்ங்கற பெரிய மான் சாதி மிருகம் சாணி போட்ட ஒரு எடம். நீல்காய் சீமைக்கருவேலங்காயத் தின்னு, வெதைய அப்படியே சாணியோட போட்டுட்டுப் போயிடும். மழை விழுந்து ரெண்டு வாரம், ஜூலை மூணாவது வாரம் போனப்ப அந்தக் காஞ்ச உருண்டைங்களுக்கு நடுவுல ஊசி மாதிரி தண்டு, ரெட்ட இலை, சில கன்னு தலைல வெதத் தோல இன்னும் தொப்பியா மாட்டிக்கிட்டு நின்னுச்சு. 43 எண்ணுனோம். பொண்ணு மண்டி போட்டு எண்ணுனதுல முட்டில முள்ளு ஏறி ஒரே சத்தம். ஆகஸ்ட் கடைசில 31. அக்டோபர் கடைசில போனா 4. மீதி காஞ்சு சருகா கெடந்தது பாதி, அடையாளமே இல்லாம போனது பாதி, எதையோ கடிச்சுத் துப்பின மாதிரி மொட்டத் தண்டு ரெண்டு.

திரும்பி வர்ற வழில அவளே சொன்னா, அத்தை இதத்தான அவரும் பண்ணாருன்னு. அதான். ஷ்ரீவ் பாலோ வெர்டேன்னு ஒரு பச்சத் தண்டு மரத்தோட கன்னுங்கள வருஷா வருஷம் அடையாளம் வெச்சுப் பின்தொடந்து 1917ல எழுதுனார், மழைக்கு நெறைய மொளைக்குது, ஆனா நெலைக்கறது ரொம்பக் கொஞ்சம்னு. பாலைவனத்துல மரம் நிக்குதுன்னா அது மொளச்ச எண்ணிக்கையால இல்ல, காஞ்சு போகாம கடி படாம தப்பிச்ச அந்த ரெண்டு மூணால. இத நான் ஒரு வரில சொல்லியிருந்தா அவ தலையாட்டிட்டுப் போயிருப்பா, 43 நாலா ஆனத பாத்ததுக்கப்புறம் அவளே ரெண்டு பக்கம் எழுதுனா.

மழைக் கணக்கும் கூட சேத்துக்கோங்க. சஃப்தர்ஜங் நிலையத்தோட தினசரி மழை அளவு வானிலைத் துறை போடுது, அத நோட்டுல ஒரு ஓரத்துல எழுதிட்டே வாங்க. டெல்லில வருஷத்துக்கு ஏறக்குறைய 750 மில்லிமீட்டர், அதுல பெரும்பங்கு ஜூலைலேருந்து செப்டம்பருக்குள்ள கொட்டித் தீத்துடும், சென்னைல நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகை, இங்க அந்த மாசத்துல புகைதான். வறண்ட நிலத்துல செடியோட வாழ்க்கை சராசரி மழைய வெச்சு ஓடறது இல்ல, எந்த மழை எப்ப விழுந்தது, அடுத்தது வர எத்தன நாளாச்சுங்கறத வெச்சுத்தான். இத ஒழுங்கா கோத்து எழுதுனவர் இஸ்ரேல்ல இருந்த இமானுவேல் நோய் மெய்ர், 1973ல. தண்ணி எப்பவாவது, தனித்தனி வீச்சா, முன்கூட்டி சொல்ல முடியாதபடி வர்ற எடம்தான் பாலைவனம்னு அவர் வரையறை. உங்க நோட்டு ஓரத்துல இருக்கற மழைக் கணக்கோட அத வெச்சுப் படிங்க.

இப்ப எழுத உக்காரலாம். ஷ்ரீவ் மாதிரி ஆளுன்னா நாலு விஷயம் விட்டுடாதீங்க. ஒண்ணு சகுவாரோங்கற அந்தப் பெரிய தூண் கள்ளி. இளசுங்க போதுமான அளவு இல்லன்னு 1910லயே எழுதுனார், அப்புறம் அது வடக்க ஏன் போகலன்னு தேடி, குளிர் எவ்ளோ கீழ எறங்குதுங்கறத விட உறைபனி எத்தன மணி நேரம் விடாம நீடிக்குதுங்கறதுதான் அத நிறுத்துதுன்னு காட்டுனார். ரெண்டு, வட அமெரிக்கப் பாலைவனத்த நாலா பிரிச்சு 1942ல அவர் எழுதுன கட்டுரை, அந்தப் பிரிவு இன்னும் புழக்கத்துல இருக்கு. மூணு, அவர் மனைவி ஈடித் ஷ்ரீவ். அந்தம்மாவும் விஞ்ஞானி, பாலோ வெர்டே ஒரு நாள்ல மணிக்கு மணி எவ்ளோ தண்ணிய ஆவியா விடுதுன்னு அளந்து 1914ல வெளியிட்டாங்க. பொண்ணோட முதல் எட்டு பக்கத்துல இவங்க "மனைவி"ங்கற ஒரே வார்த்தையா இருந்தாங்க, எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்ல.

நாலாவது, அந்த ஆய்வுக்கூடமும் சதுரங்களும் பின்னாடி என்ன ஆச்சு. இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. அந்த ஆய்வுக்கூடத்த 1940ல கார்னெகி கைவிட்டுடுச்சு, 1960ல அரிசோனா பல்கலைக்கழகம் வாங்குச்சு. ஸ்பால்டிங் போட்ட சதுரங்கள்ல மிஞ்சுனத கோல்ட்பர்க், டர்னர்னு ரெண்டு பேர் எடுத்து 1906லேருந்து 1978 வரைக்கும் 72 வருஷக் கணக்க 1986ல போட்டாங்க. செடி எண்ணிக்கை ஏறி எறங்கியிருக்கு, ஆனா ஒரே திசைல காடு மாறிட்டே போகலன்னு வந்துச்சு. ஒரு ஆள் ஆயுசுக்குள்ள இதக் கண்டுபிடிக்க வழியே இல்ல பாருங்க, முதல்ல குறிச்சவரும் போயிட்டார், எண்ணுனவரும் போயிட்டார்.

இந்திய ஆள் வேணும்னு சார் சொன்னா இங்கயே இருக்காங்க. ரிட்ஜ்ல சீமைக்கருவேலத்த ஒரேயடியா வெட்டித் தள்ளாம, மேல கிளைய மட்டும் கழிச்சு வெளிச்சம் விட்டு கீழ நாட்டு மரங்கள வளக்கற முறைய சொன்னவர் டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு. வசந்த் விஹார் பக்கத்துல ஆரவல்லி பயோடைவர்சிட்டி பார்க் போனா பழைய சுரங்கக் குழி இருந்த எடத்துல என்ன பண்ணியிருக்காங்கன்னு கண்ணால பாக்கலாம். பெங்களூர்ல என்சிபிஎஸ்ங்கற உயிரியல் ஆய்வு மையத்துல இருக்கற மகேஷ் சங்கரன் முதல் ஆசிரியரா 2005ல நேச்சர் இதழ்ல வந்த கட்டுரையும் நல்ல தேர்வு, ஆப்பிரிக்கால 854 எடத்துக் கணக்க வெச்சு, மழை ஏறக்குறைய 650 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா மரம் எவ்ளோ அடரலாம்ங்கறதுக்கு மழையே உச்சவரம்பு கட்டுதுன்னு காட்டுனது. ஜோத்பூர்ல 1959லேருந்து காஸ்ரிங்கற மத்திய வறண்ட நில ஆய்வு நிறுவனம் இருக்கு, அங்க வேலை பாத்தவங்களயும் எடுக்கலாம்.

ஒரு வார்த்தைல கவனமா இருங்க, தரிசு. புதர்க்காட்டையும் புல்வெளியையும் தரிசுன்னு எழுதிட்டா நீங்க மூணு மாசம் எண்ணுனது எல்லாம் என்னன்னு ஆயிடும். நம்ம பாலைத்திணைல வர்ற உகாய் மரம் இங்க பீலுன்னு நிக்குது, கோயில்ல தல விருட்சமா இருக்கற வன்னி இங்க ஜாண்ட், ராஜஸ்தான்ல கேஜ்ரி. செடிப் பேர தமிழ்லயும் ஹிந்திலயும் ரெண்டு பத்தி போட்டு எழுதிக்கோங்க, ரிட்ஜ்ல ஆடு மேய்க்கற பெரியவர் ஒருத்தர் அரை மணி நேரத்துல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது போன் ஆப்புல கெடைக்கல.

அக்டோபர்ல போறப்ப முழுக்கால் பேண்ட், பழைய காட்டன் சாக்ஸ். வெளில வந்ததும் கேட் பக்கத்துல உக்காந்து சாக்ஸ்ல ஒட்டுன புல் வெதைய ஒவ்வொண்ணா பிச்சு எடுத்து எத்தனைன்னு எண்ணி நோட்டுல எழுதிடுங்க, எங்க பொண்ணு சாக்ஸ்ல 67 இருந்துச்சு, அதையும் அட்டவணை போட்டு அசைன்மென்ட்ல சேத்துட்டா.