அம்மாவை இல்லத்தில் சேர்க்க யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

மூன்று கிழமை லீவில் வந்து, முதியோர் இல்லம் ஒன்று பார்த்து, அம்மாவையோ அப்பாவையோ சேர்த்துவிட்டு விமானம் ஏறலாம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்களுக்கு இது. இல்லம் தேட நாலைந்து நாள் போதும். மிச்ச நாட்களைத் தின்பது இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரு கையெழுத்து. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பதிவு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோரைப் பராமரிக்கிற இல்லங்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சுவரில் பிறேம் போட்டு மாட்டியிருப்பது சங்கப் பதிவாகவோ வியாபாரப் பதிவாகவோ இருக்கலாம். அது வேறு, இது வேறு. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சமூக சேவை உத்தியோகத்தரையோ பிடித்து, இல்லத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடைசியாக எப்போது போய்ப் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள்.

இல்லத்துக்குப் போனால் சாமிப்படம் வைத்த முன்மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். நேரே கக்கூசுக்குப் போங்கள். பல இல்லங்கள் பழைய வீடுகளைத் திருத்தி எடுத்தவை. கதவு இரண்டரை அடிதான் இருக்கும். வீல் செயார் போக, கதவு திறந்தபின் குறைந்தது 80 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். அளவு நாடா கொண்டுபோங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே திறக்கிற கதவென்றால், விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடப்பார். தள்ளித் திறக்க முடியாது. கொழுக்கியும் வெளியிலிருந்து கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். கைபிடிக் கம்பியில் உங்கள் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். சீமெந்துப் பூச்சில் மட்டும் ஆணி பிடித்திருந்தால் உடனே ஆடும்.

யன்னல்களெல்லாம் கம்பி போட்டவை என்பதால், தீப்பிடித்தால் கதவு ஒன்றுதான் வழி. இரவில் வெளிக் கதவுகளுக்கு ஆமைப்பூட்டுப் போடுகிறார்களா, திறப்பு யாரிடம், அவர் எங்கே படுக்கிறார்? 2001 ஓகஸ்ட்டில் தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கொட்டகைத் தீயில் தப்ப வழியின்றி இறந்தார்கள். 'ஓடிப்போவினம் எண்டுதான் பூட்டிறம்' என்ற விளக்கம் எங்கே கேட்டாலும் அதை நினையுங்கள். காஸ் சிலிண்டர் குசினிக்கு வெளியே இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரவு ஒன்பது மணிக்கு, சொல்லாமல் ஒருமுறை போங்கள். எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் நாரியடியிலும் குதிக்காலிலும் புண் வரும். பாரமான ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். திருப்பிய நேரம் எழுதும் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். 10, 12, 2, 4 என்று ஒரே பேனையில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அது விடிய எழுதினது. கட்டில் கம்பிகளுக்கிடையில் 12 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் தலை சிக்கும்.

இன்சுலின் போடுகிறவர் என்றால் பின்னேரச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஆறு மணிக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு மறுநாள் எட்டு மணிக்குத்தான் காலைச் சாப்பாடு என்றால், நடுவே 14 மணித்தியாலம் வெறும் வயிறு. விடியற்புறம் சீனி இறங்கி மயங்குவார்கள். படுக்கப் போகுமுன் பாலும் பிஸ்கட்டும் உண்டா? பாவிக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டோடு ஒட்டி வைத்து உறைந்தால் எறியத்தான் வேண்டும். மாதாமாதம் நிறை பார்த்து எழுதுகிறார்களா? ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் வைத்தியருக்குக் காட்டவேண்டும்.

இனி அந்தக் கையெழுத்து. 'உள்ளூர்ப் பொறுப்பாளர்' என்றொரு கோடு இருக்கும். வெளிநாட்டு முகவரியை அதில் ஏற்கமாட்டார்கள். ஏற்காதது நியாயம்தான். இரவில் மூச்சு முட்டினால் இல்லக்காரர் 1990க்கு அடிப்பார்கள். அம்புலன்ஸ் காசில்லாமல் வந்து அரச ஆசுபத்திரியில் விடும். அதற்குப் பிறகு வாட்டில் ஆள் நிற்கவேண்டும். பம்பர்ஸ் மாற்ற, கஞ்சி பருக்க, மருந்துத் துண்டைக் கொண்டுபோய் வெளியே மருந்து வாங்க. இல்லம் பெரும்பாலும் ஆள் விடாது. கிளினிக் கொப்பியோடு திகதிக்குப் போய் மருந்து எடுக்கவும் ஒருவர் வேண்டும். இல்லத்திலேயே திடீரென்று இறந்தால் மரண விசாரணை அதிகாரிக்குப் பதில் சொல்வதும், நீங்கள் வந்து சேரும்வரை உடலைப் பொறுப்பெடுப்பதும் அந்தக் கோட்டில் ஒப்பமிட்டவர்தான்.

மச்சானோ பெறாமகனோ முன்வருவார். 'நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் பாக்கிறன்.' இரண்டு நாள் கழித்து, 'வீட்டை என்ன செய்யிறதாய் உத்தேசம்?' அடுத்த நாள், அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒன்று எழுதினால் எல்லாருக்கும் சுகம் என்பார். தயங்கினால் வருவது இது: 'நீங்கள் போட்டியள். நிண்டது நாங்கள்தானே.' இதற்குப் பதில் இல்லை. அவர் சொல்வது உண்மை. அந்தக் கூச்சத்தில்தான் பேனை கைக்கு வருகிறது.

பேனையை வையுங்கள். பொது அற்றோர்ணித் தத்துவம் விற்கவும் ஈடு வைக்கவும் இடம்கொடுக்கும்படி எழுதப்படலாம். தேவையானால் விசேட தத்துவம் கொடுத்து, ஆசுபத்திரி, ஓய்வூதியம், மின்சாரப் பில் என்று ஒவ்வொன்றாக எழுதுவியுங்கள். வீடு சீதன வீடென்றால் அது அம்மாவுடையது. உங்கள் தத்துவத்தால் பயனில்லை, அம்மாவின் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி, அப்பா உயிரோடிருந்தால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமில்லாமல் அம்மா அதைக் கைமாற்ற முடியாது. அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்தால் எந்தப் பத்திரமும் பின்னால் வழக்கில் முடியும். நன்கொடை உறுதி எழுதி ஏற்கப்பட்டுவிட்டால், நன்றிகெட்ட நடத்தைக்காக ரத்துச்செய்வதென்றாலும் நீதிமன்றம் ஏறவேண்டும். அம்மாதான் எழுத விரும்புகிறார் என்றால் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, அவருக்கே வைத்து எழுதுவியுங்கள். உறுதி எழுதும் நொத்தாரிசை நீங்களே தெரிவுசெய்யுங்கள், மச்சான் மோட்டார்சைக்கிளில் ஏற்றிவந்தவர் வேண்டாம். திரும்பிப் போகுமுன் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியில் என்னென்ன உறுதி பதிவாகியிருக்கிறது என்று காட்டும் பிரதி) எடுத்துப் பாருங்கள்.

பொறுப்பாளராக ஒப்பமிடுகிறவருடைய உழைப்புக்குக் காசு கொடுங்கள், தாராளமாகவே. ஆனால் மாதக் கணக்கில், வங்கி வழியாக. வாட்டில் நிற்க நாட்கூலிக்கு ஆளை முன்கூட்டியே பேசிவைத்து, இலக்கத்தை இல்லத்திலும் அவரிடமும் கொடுங்கள். கிளினிக்குக்கு ஓட்டோக்காரரை ஒழுங்குபண்ணுங்கள். பொறுப்பாளர் கோட்டின் கீழே, பணப் பொறுப்பு உங்களுடையது, அவர் வருவது அவசரத்துக்கும் மரணத்துக்கும் மட்டும் என்று எழுதி இல்லத்தின் முத்திரை வாங்குங்கள். இப்படிச் செய்தால் காணியில் கண்வைக்காத தூரத்து உறவினர் ஒருவரே ஒப்பமிட முன்வரக்கூடும்.

முற்பணத்தில் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: ஒரு மாதத்துக்குள் கூட்டிக்கொண்டுபோனால் எவ்வளவு திரும்பும், இறந்தால் எவ்வளவு, ஆசுபத்திரியில் கிடக்கிற நாட்களுக்கும் கட்டணமா? பம்பர்ஸ் கட்டணத்துக்குள் அடங்குமா என்பதும் சேரட்டும்.

சேர்ப்பதென்றால் லீவின் முதல் கிழமையிலேயே சேர்த்துவிடுங்கள். கடைசி நாள்வரை வீட்டில் வைத்திருக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மருந்து மாறுவது, மலச்சிக்கல், சாப்பிடாமை, தோல் சிவப்பது எல்லாம் முதல் இரண்டு கிழமைக்குள் தெரியவரும். அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். நீங்கள் போனபிறகு ஒரே நேரத்தில் எடுக்காமல் நேரம் மாற்றி வீடியோ கோல் எடுங்கள். முகத்தைப் பார்த்தபின் போனைக் கீழே கொண்டுபோய் இரண்டு குதிக்காலையும் காட்டச் சொல்லுங்கள்.