ஜெர்மனியில் வாடகை கட்டுவது எப்படி: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

ஜெர்மனியில் வாடகை வாங்க யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். "இந்த மாசம் இன்னும் வரலையே" என்று போன் பண்ணிக் கேட்பதும் அபூர்வம். நேராகக் கடிதம்தான் வரும். கட்டியதற்கு ரசீது எழுதித் தரும் வழக்கமும் இல்லை. உங்கள் கணக்கிலிருந்து வீட்டுக்காரர் கணக்குக்குப் பணம் போகிறது, வங்கி அறிக்கையில் ஒரு வரி விழுகிறது. அந்த வரிதான் ரசீது. நாளைக்குத் தகராறு என்று வந்தாலும், வேறு வீடு தேடும்போது "வாடகை ஒழுங்காகக் கட்டுபவரா?" என்று கேட்டாலும் அதைத்தான் காட்டப் போகிறீர்கள். ஆகவே அந்த வரி எந்தத் தேதியில், யார் பெயருக்கு, என்ன குறிப்போடு விழுகிறது என்பதை முதல் மாதத்திலேயே ஒழுங்குபண்ணிவிடுங்கள்.

முதலில் தொகை. ஒப்பந்தத்தில் கால்ட்மீட்ட என்று ஒன்று இருக்கும், அது வெறும் வீட்டுக்கான வாடகை. அதன்மேல் நேபன்கோஸ்டன்: வீட்டைச் சூடாக்குவது, தண்ணீர், குப்பை, படிக்கட்டுச் சுத்தம் போன்றவற்றுக்கான மாத முன்பணம். இரண்டும் சேர்ந்தது வார்ம்மீட்ட. மாதா மாதம் அனுப்ப வேண்டியது இந்த வார்ம்மீட்டதான். ஒரு பேச்சுக்கு, கால்ட்மீட்ட 620 யூரோ, நேபன்கோஸ்டன் 160 யூரோ என்றால் அனுப்ப வேண்டியது 780. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இதில் சேராது. அவற்றுக்குத் தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். அதை மறந்துவிட்டு மாதக் கணக்குப் போட்டால் இருபதாம் தேதிக்கு மேல் கை கடிக்கும்.

அடுத்தது தேதி. நம் ஊரில் மாதம் முடிந்து வாடகை கொடுக்கும் வீடுகள் உண்டு. இங்கே அந்தப் பேச்சே இல்லை. வரப்போகும் மாதத்துக்கான வாடகையை அந்த மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் கட்ட வேண்டும் என்று ஜெர்மன் சிவில் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தங்களிலும் அதே வரி இருக்கும். சனிக்கிழமை இதற்கு வேலைநாளாகக் கணக்கில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்த்துவிட்டது. எப்படி எண்ணுவது என்று பார்க்க 2026 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1ஆம் தேதி வியாழன், புத்தாண்டு விடுமுறை. வெள்ளி 2 முதல் வேலைநாள். சனி, ஞாயிறு கழிந்தால் திங்கள் 5 இரண்டாவது, செவ்வாய் 6 மூன்றாவது. ஆனால் பவேரியாவிலோ பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலோ இருந்தால் ஜனவரி 6 பண்டிகை விடுமுறை, ஆகவே 7 வரை நேரம்.

அந்த நாளுக்குள் பணம் வீட்டுக்காரர் கணக்கில் விழுந்தே ஆக வேண்டுமா, வங்கிக்கு உத்தரவு கொடுத்தால் போதுமா என்பதும் நீண்ட நாள் சண்டையாக இருந்தது. கணக்கில் போதிய பணம் வைத்துக்கொண்டு மூன்றாவது வேலைநாளுக்குள் உத்தரவு கொடுத்துவிட்டால் போதும் என்று 2016இல் அதே நீதிமன்றம் சொன்னது. சட்டம் உங்கள் பக்கம் இருப்பது நல்லதுதான். ஆனாலும் அந்த விளிம்பில் நின்று வாழப் பழகாதீர்கள். சம்பளம் மாதக் கடைசியில் வருகிறதென்றால், அது வந்த மறுநாளே வாடகை கிளம்பும்படி வைத்துவிடுவதே நிம்மதி.

அதற்குத்தான் டவர்அவுஃப்ட்ராக் இருக்கிறது. ஊர் வங்கிகளில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்பார்களே, அதேதான். வங்கி ஆப்பிலேயே போடலாம்: பெறுபவர் பெயர், அவருடைய இபான் என்னும் வங்கிக் கணக்கு எண், தொகை, முதல் தேதி, மாதம் ஒருமுறை. ஜெர்மன் இபான் என்றால் இரண்டு எழுத்தில் தொடங்கி மொத்தம் 22 இடங்கள் இருக்கும். கையால் தட்டாமல் ஒப்பந்தத்தின் பிடிஎஃப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டுங்கள். 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளின் வங்கிகள், நீங்கள் எழுதிய பெயரும் இபானின் சொந்தக்காரர் பெயரும் பொருந்துகின்றனவா என்று பணம் கிளம்பும் முன்பே பார்த்துச் சொல்ல வேண்டும். "ஓரளவு பொருந்துகிறது" என்று வந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிசகுதான். அடியோடு பொருந்தவில்லை என்றால் அனுப்பாதீர்கள். கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இல்லாமல், வீட்டை நிர்வகிக்கும் ஹவுஸ்ஃபெர்வால்டுங் பெயரில் இருக்கலாம். கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

ஃபெர்வெண்டுங்ஸ்ட்ஸ்வெக் என்ற குறிப்புக் கட்டத்தை நம்மவர்கள் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். அதில் வாடகை என்று பொருள்படும் "மீட்ட" என்ற சொல், ஒப்பந்தத்தில் உள்ளபடி உங்கள் முழுப்பெயர், தெரு, வீட்டு எண், ஒப்பந்த எண் இருந்தால் அதுவும். நமக்கு இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக ஏறி, வங்கியில் ஒரு மாதிரி, ஒப்பந்தத்தில் இன்னொரு மாதிரி என்று நம்மில் பாதிப்பேருக்குப் பெயர் இரண்டு வரிசையில் இருக்கும். நூறு வீடுகளைப் பார்க்கும் நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வெவ்வேறு ஆட்களாகத்தான் தெரியும்.

சில வீட்டுக்காரர்கள் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் கேட்பார்கள். அதாவது நீங்கள் அனுமதி எழுதிக் கொடுத்தால் அவர்களே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை. தவறாக எடுத்தால் எட்டு வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் வங்கியில் திருப்பி வாங்கலாம்; நீங்களே அனுப்பிய பணத்துக்கு அந்த வசதி கிடையாது. என் விருப்பம் டவர்அவுஃப்ட்ராக்தான், கடிவாளம் நம் கையில் இருக்கும். ஆனால் மறதிக்காரர் என்றால் லாஸ்ட்ஷ்ரிஃப்டே மேல்.

உண்மையான சிக்கல் முதல் மாதத்தில்தான். மாணவர்கள் ஸ்பெர்கோண்டோவில், அதாவது விசாவுக்காகத் திறக்கும் முடக்கக் கணக்கில் போட்டு வைத்த பணம் (2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ) விமானம் இறங்கிய அன்றே கைக்கு வந்துவிடாது. இங்கே சாதாரண வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், வீட்டு முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும், அதற்குப் பிறகுதான் மாதத் தவணை வரத் தொடங்கும். அதற்குள் முதல் வாடகையும் காவுட்சியோன் என்னும் வைப்புத்தொகையும் வாசலில் நிற்கும். எனவே ஸ்பெர்கோண்டோவை எண்ணாமல், இரண்டு மூன்று மாத வாடகைக்கு ஈடான பணத்தைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அந்த முதல் தொகையை ஊரிலிருந்து அப்பா கணக்கு வழியாக அனுப்புவதாக இருந்தால் இரண்டு விஷயம். பணம் வந்து சேரச் சில நாட்கள் ஆகும், நடுவில் உள்ள வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தள்ளிவிடும். 780 அனுப்பினால் 760 வந்து நிற்கும், அந்த 20 யூரோ உங்கள் பெயரில் பாக்கியாகப் பதிவாகும். எல்லாக் கட்டணமும் அனுப்புபவரே ஏற்கும் முறையில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புநர் பெயர் அப்பாவுடையது என்பதால், குறிப்பில் உங்கள் பெயரும் இங்குள்ள முகவரியும் கட்டாயம் இருக்கட்டும்.

காவுட்சியோன் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: மூன்று மாத கால்ட்மீட்டக்கு மேல் கேட்கக்கூடாது. மேலே சொன்ன 620 யூரோ உதாரணத்தில் அது 1860 யூரோ. வார்ம்மீட்டயை மூன்றால் பெருக்கி 2340 கேட்டால் அது சட்டப்படி அதிகம். அதையும் ஒரே மூச்சில் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று சமத் தவணையாக, குடிபுகும்போது ஒன்று, அடுத்த இரண்டு மாத வாடகையோடு ஒவ்வொன்று என்று கட்டும் உரிமை உண்டு. வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் மூனிக் போன்ற ஊரில் இந்த உரிமையைச் சொல்லிப் பார்க்கப் பலருக்கு வாய் வருவதில்லை, அதுவும் புரிகிறது. எப்படிக் கட்டினாலும் வாடகையையும் காவுட்சியோனையும் ஒரே தொகையாகக் கூட்டி அனுப்பாதீர்கள். இரண்டு பரிமாற்றம், இரண்டு குறிப்பு. வெளியேறும்போது "நீ 1860 கொடுத்ததற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி எழாமலே போய்விடும்.

வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்பவர் நூற்றுக்கு நூறு மோசடிக்காரர். நடப்பு விலையில் பாதிக்கு, பளபளவென்ற புகைப்படங்களோடு வரும் வீடும் அப்படித்தான். அனுப்பிய பணத்தை வங்கி திருப்பிப் பிடித்துத் தரும் என்று நம்பாதீர்கள். உடனடிப் பரிமாற்றத்தில் பத்து விநாடிக்குள் பணம் மறுபக்கம் போய்விடுகிறது.

இனி நம்மவர் வீடு. ஈழத்திலிருந்து எண்பதுகளில் வந்து ரூர் பகுதியிலும் மற்ற ஊர்களிலும் வேர்விட்ட குடும்பங்கள் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அறை கொடுத்து, சோறும் போட்டு எத்தனையோ உதவி செய்திருக்கிறார்கள். அப்படி ஓர் அண்ணன் "காசைக் கையிலேயே தாங்கோ தம்பி, இதுக்கெல்லாம் பேங்க் எதுக்கு" என்று சொன்னால் மறுப்பது சங்கடம். ஆனாலும் மறுங்கள். "அண்ணா, விசா நீட்டிக்கப் போகும்போது வாடகை கட்டின கணக்கு கேட்கிறாங்க, அதனால பேங்க்ல போடுறேன்" என்றால் போதும். பொய்யும் இல்லை, மனத்தாங்கலும் வராது. அதோடு முகவரி பதிய அவர் கையெழுத்திட்ட வீடு வழங்கியதற்கான உறுதிப் படிவமும் வேண்டும். அதைத் தர முடியாது என்று சொல்லும் அறை, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடப்பட்ட அறையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நண்பர்கள் மூவர் சேர்ந்து வீடு எடுக்கும்போது ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் இருந்தால், முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஒருவன் தன் பங்கைத் தராவிட்டால் வீட்டுக்காரர் முழுத்தொகையையும் உங்களிடமே கேட்கலாம். "என் பங்கை நான் கட்டிவிட்டேன்" என்ற பதில் அங்கே செல்லாது. ஒருவர் கணக்கிலிருந்து மொத்தமாகப் போவதாக வைத்து, மற்ற இருவரும் சில நாள் முன்னதாகவே தங்கள் பங்கை அவருக்கு அனுப்புவது நடைமுறையில் சரியாக வருகிறது. அந்தப் பரிமாற்றமும் வங்கி வழியாகத்தான், குறிப்போடுதான்.

டவர்அவுஃப்ட்ராக் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று தூங்கிவிடவும் முடியாது. அதற்குத் தானாக யோசிக்கத் தெரியாது. கணக்கில் பணம் குறைவாக இருந்தால் போகாது; மறுநாள் மறுபடி முயலும் என்று நம்பாதீர்கள். நேபன்கோஸ்டன் ஆண்டுக் கணக்கு வந்து முன்பணத்தைக் கூட்டினால், அல்லது ஒப்பந்தப்படி வாடகை படிப்படியாக ஏறினால், தொகையை மாற்ற வேண்டியது நீங்கள்தான். ஐந்து யூரோ வித்தியாசம் ஓராண்டு கவனிக்காமல் விட்டால் அறுபது யூரோ பாக்கி. புதிதாக உயர்வு கேட்டு கடிதம் வந்தால் உடனே தொகையை மாற்றாதீர்கள்: கையெழுத்தே போடாமல் உயர்ந்த தொகையைத் தொடர்ந்து கட்டினாலும் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். உள்ளூர் மீட்டர்ஃபெரைன், அதாவது வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகிக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆண்டுச் சந்தா கட்டலாம், தகும்.

வீடு கைமாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று கடிதம் வந்தாலும் அதை மட்டும் நம்பி மாற்றாதீர்கள். பழைய வீட்டுக்காரரிடம், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அழைத்து உறுதிசெய்யுங்கள்.

ஹீட்டர் வேலை செய்யவில்லை, சுவரில் பூஞ்சை என்றால் வாடகையைக் குறைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்பதை நாமே முடிவு செய்து தவறினால் அது பாக்கியாகிவிடும். முதலில் குறையை எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு முழு வாடகையையும் கட்டி, குறிப்பில் "உண்டர் ஃபோர்பெஹால்ட்" என்று சேர்த்துவிடுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று பொருள். பின்னால் திருப்பிக் கேட்கலாம். பாக்கி விஷயத்தில் இங்கே சட்டம் கடுமை. தொடர்ந்து இரண்டு தவணையில் ஒரு மாத வாடகைக்கு மேல் பாக்கி விழுந்தாலோ, விட்டுவிட்டுச் சேர்ந்த பாக்கி இரண்டு மாத வாடகையைத் தொட்டாலோ, முன்னறிவிப்புக் காலமே இல்லாமல் வெளியேறச் சொல்லலாம். வேலை போய்விட்டது, பணம் இல்லை என்றால் மறைந்து திரியாமல் அந்த மாதமே எழுதிச் சொல்லித் தவணை கேளுங்கள்.

வெளியேறும்போது நம்மவர்கள் செய்யும் ஒரு வேலை, "எப்படியும் காவுட்சியோன் அவரிடம்தானே இருக்கிறது" என்று கடைசி மூன்று மாத வாடகையை நிறுத்திவிடுவது. அதற்கு உரிமை இல்லை, பாக்கி வைத்ததாகவே ஆகும். கடைசி மாதம் வரை கட்டுங்கள். கட்டி முடித்த கையோடு டவர்அவுஃப்ட்ராக்கை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காலி செய்த வீட்டுக்கும் வாடகை போய்க்கொண்டிருக்கும். வாடகைப் பாக்கி இல்லை என்ற சான்றுக் கடிதம் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆகவே வங்கி அறிக்கைகளைப் பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. நாட்டை விட்டே போவதானாலும் ஜெர்மன் வங்கிக் கணக்கை உடனே மூடாதீர்கள். காவுட்சியோன் திரும்பி வரச் சில மாதம் ஆகும். நேபன்கோஸ்டன் இறுதிக் கணக்கை அனுப்ப, அந்தக் கணக்காண்டு முடிந்த பிறகு வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. உங்களுக்குப் பணம் வர வேண்டியிருந்தால் அது வந்து சேர ஒரு கணக்கு வேண்டுமே.