ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்

ஆட்டிசம், பெருமூளை வாதம், முதுகுத்தண்டு காயம் எதுவானாலும் ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல்) ஊசியில் சரியாகும் என்று சென்னையில் எந்த கிளினிக் சொன்னாலும், முன்பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகள் வழக்கமான சிகிச்சையாக ஏற்பது ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையை (எலும்பு மஜ்ஜை மாற்று போன்றது) மட்டுமே. ரத்தப் புற்றுநோய், தலசீமியா (பரம்பரை ரத்த நோய்) போன்றவற்றுக்கு அது உயிர் காக்கிறது. அதன்பின் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த செல் மருந்தும் உண்டு: ஸ்டெம்பியூசெல், கால் ரத்தநாள அடைப்புக்கு 2020-ல், முழங்கால் தேய்மானத்துக்கு 2022-ல். அப்படி ஒரு மருந்து என்றால் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, உரிம எண்ணையும் எந்த நோய்க்கு என்பதையும் படியுங்கள்.

இவை தவிர்த்த மற்றவை ஆராய்ச்சி. ஆராய்ச்சியில் சேர்பவரிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் 'பேக்கேஜ்' பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

"ஆராய்ச்சிதான்" என்றால் சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்பது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இணையதளம். ஆண்டு, மாதம், வரிசை எண் என்று அது அமைந்திருக்கும். அந்த இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். எண் இருப்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று ஆகாது. பதிவைத் திறந்து நோயின் பெயர், மருத்துவமனைகளின் பட்டியல், நெறிமுறைக் குழு (ஆராய்ச்சியில் சேர்பவரின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு) ஒப்புதல், மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி, ஆள் சேர்ப்பு நிலை ஆகியவற்றைப் பாருங்கள். மூட்டு ஆய்வின் எண்ணைக் காட்டி ஆட்டிசக் குழந்தைக்கு ஊசி போட முடியாது. ஆள் சேர்ப்பு முடிந்த ஆய்விலும் புதிதாகச் சேர முடியாது.

"உங்கள் சொந்த செல்தானே, என்ன ஆகும்?" என்பார்கள். ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வயிற்றுக் கொழுப்பில் எடுத்த செல்லைக் கண்ணில் போட்டால் அது கண் செல்லாக மாறிவிடுவதில்லை. ஃபுளோரிடாவில் இப்படி ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்களின் பார்வை கடுமையாகப் பறிபோனது 2017-ல் மருத்துவ இதழில் பதிவானது. ஆய்வகத்தில் வளர்த்த செல்லில் கிருமித் தொற்றும் குரோமோசோம் மாற்றமும் வரலாம். கருவிலிருந்து எடுத்த செல் முழுதாக முதிராமல் உள்ளே போனால் கட்டி உண்டாகலாம். அதனால் செல் எங்கிருந்து எடுக்கிறார்கள், எத்தனை நாள் வளர்க்கிறார்கள், கிருமிச் சோதனை முடிவு எங்கே என்று கேளுங்கள். கருவிலிருந்து என்றால், தானம் தந்த தம்பதியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இருந்தாக வேண்டும்; காசுக்கு வாங்கியிருக்கக் கூடாது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் அதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் அதற்குப் புரியும்படி சொல்லி அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும். இப்போது நடக்கும் பிசியோதெரபியையும் மருந்தையும் இதற்காக நிறுத்தவே கூடாது.

பணம் கொடுத்துவிட்டவர்கள் ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் செய்திகளின் நகலோடு மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும், செல் மருந்து பற்றி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் சென்னை அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.