கட்ச் புல்வெளியையும் கால்நடை வளர்ப்போரையும் ஒருசேர ஆராயும் முறை

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பெரிய ரண் உவர்நிலத்துக்குத் தெற்கே விரிந்துள்ள பன்னிப் புல்வெளியை ஆராயப் புகுபவர் மழைக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 300 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெறும் இவ்வட்டாரத்தில், நல்ல ஆண்டுக்கும் வறண்ட ஆண்டுக்கும் இடையே புல்லின் விளைச்சல் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். ஆகவே இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டு, மேய்ச்சல் மிகுந்ததால்தான் நிலம் கெட்டது என்று தீர்ப்பெழுதக் கூடாது. குறைந்தது முப்பது ஆண்டு மழைப் பதிவைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வடக்கு நோக்கிப் பாயும் ஆறுகளில் அணைகள் எழுந்தபின் நன்னீர் வரத்து குறைந்ததையும் அத்துடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மண்ணின் உவர்ப்பு அதைப் பொறுத்தது.

அடுத்தது செயற்கைக்கோள் படம். பசுமை கூடினால் புல் கூடியது என்று எண்ணிவிடுவது இங்கே மிக எளிது. ரண் பரவுவதைத் தடுக்கவென்று 1960களில் வனத்துறை விதைத்த சீமைக்கருவேலம் (தமிழ்நாட்டாருக்கு அறிமுகம் தேவையில்லாத மரம்) புல் முற்றிலும் காய்ந்த கோடையிலும் பச்சையாக நிற்கும். எனவே செப்டம்பர்ப் படத்தையும் ஏப்ரல்–மே படத்தையும் அருகருகே வைக்க வேண்டும்: இரண்டிலும் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் மரம், முதலாவதில் மட்டும் தெரிவது பெரும்பாலும் புல். களத்துக்குச் சென்று சரிபார்க்காமல் இதையும் நம்பிவிட வேண்டாம்.

களத்தில் வேலியிட்ட துண்டு நிலத்தையும் அதை ஒட்டி வேலியிடாத துண்டையும் இணையிணையாகத் தேர்ந்து, மழைக்காலம் முடிந்ததும் ஒரு மீட்டர்ச் சதுரத்தில் புல்லை அறுத்து, இனவாரியாகப் பிரித்து, உலர்த்தி எடை போட வேண்டும். ஒவ்வொரு துண்டின் மண் உவர்ப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பகலில் மட்டும் சுற்றிவருபவர் மேய்ச்சலையே காணாமல் திரும்ப நேரிடும். இங்குள்ள எருமைகள் மாலையில் ஊரைவிட்டுக் கிளம்பி இரவெல்லாம் மேய்ந்து, விடியலில் பால் கறக்கும் நேரத்துக்குத் தாமாகவே வீடு திரும்புபவை. அவை எங்கே போகின்றன என்பதை அறிய, உரிமையாளரின் இசைவுடன் ஜிபிஎஸ் பட்டை கட்டலாம் அல்லது இரவில் உடன் நடக்கலாம். 2010இல் தனி இனமாக ஏற்கப்பட்ட இந்தப் பன்னி எருமையே, மாறிய நிலத்துக்கு ஏற்பக் கால்நடை வளர்ப்போர் தகவமைத்துக்கொண்டதன் முக்கியத் தடயம் என்பது என் கருத்து. சீமைக்கருவேல நெற்றைத் தின்ற காங்ரேஜ் மாடுகள் நோய்ப்பட்டதால் பல குடும்பங்கள் எருமைக்கு மாறின.

இங்குள்ள கால்நடை வளர்ப்போரான மால்தாரிகளிடம் ஆண்டைக் கேட்டால் விடை தெளிவாக வராது. 1998 புயலுக்கு முன்பா, 2001 நிலநடுக்கத்துக்குப் பின்பா என்று கேட்டு, மந்தையில் எத்தனை மாடு, எத்தனை எருமை இருந்தன, வறட்சியில் எவ்வழியே எங்கே பெயர்ந்தார்கள், எதை விற்றார்கள் என்று வரிசைப்படுத்த வேண்டும். சீமைக்கருவேலம் நல்லதா கெட்டதா என்ற கேள்வி பயன் தராது. கரி சுட்டு வாழும் வீடும் பால் விற்று வாழும் வீடும் வெவ்வேறு பதில் சொல்லும். இரண்டையும் தனித்தனியே பதிந்து, கிடைத்த வரைபடங்களையும் அளவுகளையும் முதலில் கிராம சபையிடம் கொடுக்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் மேய்ச்சல் உரிமை கோருவதற்கு அவை அவர்களுக்குச் சான்றாகப் பயன்படக்கூடும்.