தேத்தண்ணி ஆத்தின கையும் லாட்டே ஊற்றும் கையும்

வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடைகளில் பால் தேத்தண்ணி ஆத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, லாட்டேயில், அதாவது எஸ்பிரெஸோ என்ற கடுங்காப்பியில் நுரைத்த பாலை ஊற்றிச் செய்யும் காப்பியில், பால் நுரையால் ஒரு இதயம்கூட லேசில் வரைய வராது. கை உயரத்துக்குப் பழகிவிட்டதுதான் காரணம். தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆத்தினால் நுரை பொங்கும். லாட்டேயில் அது தலைகீழ்: உயரத்திலிருந்து விழும் பால் எஸ்பிரெஸோவின் மேலுள்ள பழுப்பு நுரைப் படலமான கிரெமாவைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போய்விடும், வெள்ளை மேலே தெரியாது.

உயரம் வேண்டியது தொடக்கத்தில் மட்டும். இரண்டு மூன்று அங்குலத்திலிருந்து மெல்லிதாக ஊற்றிக் கோப்பையைப் பாதி நிரப்புங்கள். பிறகு கோப்பையைச் சரித்து, பால் ஜக்கின் மூக்கு காப்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்குங்கள். இங்கேதான் அநேகம் பேர் பிழை விடுகிறார்கள். வழிந்துவிடுமோ என்று பயந்து பாலைக் குறைத்துவிடுகிறார்கள். ஜக்கை மெதுவாகச் சரித்தால் தண்ணீர்ப் பால் முன்னால் ஓடிவரும், நுரை ஜக்கிலேயே தங்கிவிடும். பயப்படாமல் கூட்டுங்கள். வெள்ளை வட்டம் விரிந்ததும் ஜக்கை உயர்த்தி, நூல் மாதிரி ஒரு கோடு இழுத்து முடிக்க வேண்டும். உயர்த்தாமல் இழுத்தால் இதயம் வெங்காயமாகிவிடும்.

ஆனால் நுரை சரியில்லாவிட்டால் எப்படி ஊற்றியும் பயனில்லை. காப்பி இயந்திரத்தின் நீராவிக் குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து, ஜக் கைக்குக் குளிராக இருக்கும்வரை மட்டும் காற்றை விடுங்கள். அதன் பிறகும் காற்று விட்டால் சவர்க்கார நுரைதான் மிஞ்சும். மிச்ச நேரம் பால் சுழன்றால் போதும். 60 பாகை செல்சியஸ் அளவில் நிறுத்துங்கள், 70ஐத் தாண்டினால் நுரை காய்ந்து கட்டியாகும். கொழும்பு வெக்கையில் பால் பெட்டியை மேசையில் விட்டால் நுரை கட்டக் கிடைக்கும் நேரமே சுருங்கிவிடும். ஜக்கையும் சேர்த்துப் பிரிட்ஜில் வைப்பவன் நான்.

நுரைத்த பாலை வைத்துவிட்டு எஸ்பிரெஸோவுக்குக் காத்திருப்பதும் கூடாது, நுரையும் பாலும் பிரிந்துவிடும். ஜக்கை மேசையில் ஒரு தட்டு தட்டி, உருகிய ஐஸ்கிறீம் போல மினுங்கும்வரை சுழற்றிக்கொண்டே இருங்கள்.

பழகுவதற்குப் பாலைக் கொட்டி வீணாக்கத் தேவையில்லை. குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு நுரைத்தால் ஏறக்குறையப் பால் மாதிரியே ஓடும். கோப்பையில் கொஞ்சம் கொக்கோத் தூளைக் கரைத்து வைத்தால் கோலமும் தெரியும். ஜக்கை மட்டும் நன்றாக அலசுங்கள். ஒருநாள் மறந்துவிட்டேன். அந்த லாட்டேயை நானே குடிக்கவேண்டி வந்தது.