குழந்தையின் தலையும் தாடையும்: வளர்ச்சிக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிப்பாட்டும்போது தலையை இரு கைகளாலும் உருட்டிப் பிடித்து, மூக்கை நீவி விட்டால் முகம் திருத்தமாக அமையும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஆனால் மண்டையோடு கைப்பிடியால் உருவாவதில்லை. உள்ளே மூளை வளர வளர, எலும்புத் தகடுகள் சந்திக்கும் பொருத்துவாய்களில் புதிய எலும்பு படிந்து அது விரிகிறது. பிறக்கும்போது ஏறத்தாழ 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச்சுற்றளவு ஒரு வயதில் 46 சென்டிமீட்டரை ஒட்டி வருவது இதனால்தான். எண்ணெய் தேய்ப்பதில் குற்றமில்லை, அழுத்துவதுதான் வேண்டாத வேலை.

உச்சிக்குழி துடிப்பது இயல்பே. பெரும்பாலும் ஒன்றரை வயதையொட்டி அது மூடிக்கொள்ளும். காய்ச்சலோடு அது புடைத்திருந்தாலோ, வயிற்றுப்போக்கின்போது உள்வாங்கியிருந்தாலோ, எண்ணெய் வைத்துக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பின்தலை தட்டையாகிறதே என்று கைக்குழந்தையைக் குப்புறத் தூங்க வைப்பதும், கடுகுத் தலையணை வைப்பதும் ஆபத்தானவை; தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தவிர்க்க மல்லாந்த நிலையே பாதுகாப்பானது. விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் இருக்க, குப்புறக் கிடத்தினால் போதும். அதே வேளையில், எல்லாக் கோணலையும் படுக்கையின் மேல் போடுவதும் தவறு. பொருத்துவாய் ஒன்று உரிய காலத்துக்கு முன்பே இணைந்துவிட்டால், அந்தக் கோட்டில் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படலாம். இதற்கான அறுவை சிகிச்சை பொதுவாக முதல் வயதிலேயே செய்யப்படுவதால், 'போகப் போகச் சரியாகும்' என்று விட்டுவிடலாகாது.

தலையின் வளர்ச்சி ஐந்தாறு வயதில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. முகமும் தாடைகளும் அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கின்றன. கைக்குழந்தையின் தலையில் பதறுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று சொத்தையான பாற்கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருந்தால், ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடியிலிருந்து வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பல் மருத்துவர் பொருத்தும் சிறு கம்பி அந்த இடத்தைக் காத்துவைக்கும். நான்கு வயதுக்கு மேலும் விரல் சப்பினால் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விழலாம். எப்போதும் வாயால் மூச்சு விடும் குழந்தைக்கு மூக்கடைப்பையும், மூக்கின் பின்புறம் தொண்டைக்கு மேலே உள்ள அடினாய்டு சதையின் வீக்கத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியில் வளர்ந்து முடிவது கீழ்த்தாடை. ஆண்பிள்ளைகளுக்கு அது 18 வயதைத் தாண்டியும் நீளக்கூடும். எனவே, துருத்திய கீழ்த்தாடைக்குப் பதினான்கு வயதிலேயே அறுவை சிகிச்சை கேட்பது பொதுவாக அவசரமே: அதன்பின் தாடை வளர்ந்தால் கோளாறு திரும்பிவிடும்.