லோகோவிலேயே நிற்கும் ஃபோன்: அவசரப்பட்டு நாம் செய்யும் தவறுகள்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது சித்தியின் ஃபோன் மக்கர் செய்தது. கம்பெனி லோகோ வரும், சில நொடி நிற்கும், திரை இருண்டுவிடும், மறுபடி லோகோ. சித்தி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைப்பவர். யாருக்கு என்ன அளவு, எந்தக் கழுத்து, எந்தக் கை என்பதெல்லாம் போட்டோக்களாக அந்த ஃபோனில்தான் இருந்தன. சித்தி பையன் ஒரு வீடியோவைப் பார்த்தான். பவர் பட்டனையும் வால்யூம் அப் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு மெனு வரும், அதில் 'வைப் டேட்டா' கொடுத்தால் ஃபோன் சரியாகிவிடும் என்றது அது. பட்டன் வாகாக அகப்பட வேண்டுமே என்று பவுச்சைக் கழற்றி வைத்துவிட்டு, சொன்னபடியே செய்தான்.

ஃபோன் எழுந்தது. மொழி எது என்று கேட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். பவுச்சை மாட்டினான். திரை இருண்டது, லோகோ வந்தது, மறுபடி இருண்டது.

முந்தின நாள்தான் வாங்கிய பவுச் அது. ஓரம் இறுக்கமாக இருந்ததால் பவர் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பவர் பட்டனைத் தொடர்ந்து பத்து நொடி போல அழுத்தினால் பெரும்பாலான ஃபோன்கள் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகும். ஃபோன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. பவுச்சைக் கழற்றிய பிறகு ஒரே ஒரு தடவை சாதாரணமாக ஆன் செய்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பவுச் இல்லாமல் மறுபடி ஆன் செய்தபோது ஃபோன் இன்னொன்று கேட்டது: இதில் முன்பு இருந்த கூகுள் கணக்கு எது? அது ஃபோன் வாங்கிய அன்று கடையில் திறந்து கொடுத்த ஜிமெயில். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பழைய பின் நம்பரை ஏற்றுக்கொண்டதால் தப்பித்தோம். அளவுகள் போனது போனதுதான். நாற்பது பேரையும் திரும்ப வரவழைத்து டேப்பை எடுத்தார் சித்தி.

ஆன் ஆகாத ஃபோனில் இருப்பவை பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கின்றன. அவற்றை அழிப்பது அநேகமாக அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்கிற காரியம்தான்.

எல்லாவற்றையும் 'ஆன் ஆகல' என்று ஒரே கணக்கில் சேர்ப்பது

முதல் தவறு இது. ஃபோன் எழுவது ஒருவர் எழுந்து அடுத்தவரை எழுப்புகிற மாதிரி நடக்கிற வேலை. சிப்புக்குள்ளேயே பதித்து வைத்த சிறிய புரோகிராம் முதலில் விழித்து, பூட்லோடர் என்ற தொடக்கப் புரோகிராமை எழுப்பும். பூட்லோடர் சிஸ்டத்தின் அடித்தளமான கெர்னலை எழுப்பும், கெர்னல் ஆண்ட்ராய்டை எழுப்பும். அப்புறம்தான் லாக் ஸ்கிரீன். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அசையாத லோகோவிலேயே நின்றால் கோளாறு ஆரம்பப் படிகளில் இருக்கிறது. லோகோ அசைந்து, மினுங்கி, முடிவே இல்லாமல் சுற்றினால் ஆண்ட்ராய்டு எழ முயன்று முடியாமல் தவிக்கிறது. லாக் ஸ்கிரீன் வரை வந்து விழுந்தால் சந்தேகம் ஏதாவது ஆப் மேல் போக வேண்டும்.

திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் இன்னொரு ஃபோனிலிருந்து அழைத்துப் பாருங்கள். ரிங் வந்தாலோ வைப்ரேட் ஆனாலோ ஃபோன் உயிரோடுதான் இருக்கிறது, டிஸ்பிளே மட்டும் போயிருக்கிறது. அதற்கு டிஸ்பிளே மாற்றினால் போதும், உள்ளே எதையும் தொட வேண்டியதில்லை.

சில சமயம் கோளாறே இருக்காது. பெரிய அப்டேட் போட்ட பிறகு முதல் தடவை ஆன் ஆக வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். லோகோ வந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டதே என்று பவர் பட்டனை அழுத்தி நடுவில் நிறுத்துபவர்கள் உண்டு. சார்ஜரில் போட்டுவிட்டு ஒரு அரை மணி நேரம் வேறு வேலையைப் பாருங்கள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆன் செய்து பார்ப்பது

பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால், சார்ஜர் மாட்டியதும் ஃபோன் மிகக் குறைந்த மின்னோட்டத்தில்தான் ஏற்ற ஆரம்பிக்கும். லித்தியம் பேட்டரிக்கு அதுதான் பாதுகாப்பு. அந்த நேரத்தில் திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். நாம் என்ன செய்கிறோம்? இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பவரை அழுத்தி, ஏறின கொஞ்சத்தையும் லோகோ காட்டுவதிலேயே செலவழிக்கிறோம். நன்றாக வேலை செய்கிற வேறு சார்ஜர், வேறு கேபிள், ஒரு மணி நேரம். அதுவரை கை வைக்காமல் இருந்தால் போதும்.

சார்ஜரில் இருக்கும்போது எழுந்து, கழற்றியதும் லோகோவில் விழுகிற ஃபோனுக்குப் பெரும்பாலும் பேட்டரி தேய்ந்திருக்கும். எழும் நேரத்தில் புராசஸர் ஒரேயடியாக நிறைய மின்சாரம் இழுக்கும். பழைய பேட்டரியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, வோல்டேஜ் சட்டென்று இறங்கும், ஃபோன் அணைந்துவிடும். இதற்குப் போய் 'சாஃப்ட்வேர் கம்ப்ளெய்ன்ட்' என்று ரீசெட் போடுவது கால் வலிக்குத் தலையை மொட்டையடிப்பது போல. பின்மூடி தூக்கிக்கொண்டு பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே வேண்டாம். மூடியை அழுத்தி உட்கார வைக்கவும் வேண்டாம்.

கூடவே ஒரு சின்னச் சோதனை. பவுச், மெமரி கார்டு, சிம் மூன்றையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். கெட்டுப்போன மெமரி கார்டே சில ஃபோன்களை லோகோவில் நிறுத்திவிடும். நகத்தின் ஓரத்தால் பட்டன்களை அழுத்தி, உள்ளே போய்த் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். வால்யூம் டவுன் சிக்கிக்கொண்ட ஃபோன் ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடிலோ (நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாத நிலை) ஃபாஸ்ட்பூட் என்ற பழுதுபார்க்கும் திரையிலோ போய் நிற்கும். வியர்வையும் மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிகிற சமையலறை ஃபோன்களில் இது சகஜம்.

அந்த மெனுவில் கை வைப்பது

சித்தி பையன் திறந்த அந்த ரிகவரி மெனுவில் 'ரீபூட் சிஸ்டம் நவ்', 'வைப் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்', 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்று வரிசையாக இருக்கும். கேஷ் என்பது தற்காலிகக் கோப்புகள், அதை அழித்தால் உங்கள் போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. அதை ஒட்டியே இருக்கிற மற்றது எல்லாவற்றையும் துடைத்துவிடும். வால்யூம் பட்டனால் ஒவ்வொரு வரியாக நகர்த்தி, பவர் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டிய மெனு இது. ஒரு வரி தப்பினால் போச்சு. அடுத்து 'யெஸ்' கேட்கும். அங்கே நின்று ஒரு தடவை மூச்சு விடுங்கள். கேஷ் வரி எல்லா ஃபோனிலும் இருக்காது, கூகுள் பிக்சலில் கிடையாது. சாம்சங்கின் புதிய மாடல்களில் ஃபோனைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால்தான் இந்த மெனுவே வரும்.

சில ஃபோன்களில், நாம் எதையும் அழுத்தாமலேயே, ஆண்ட்ராய்டை ஏற்ற முடியவில்லை, உங்கள் டேட்டா பழுதாகியிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வரும். கீழே இரண்டு வழி: 'டிரை அகெய்ன்', 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்'. திரையே சொல்கிறதே என்று இரண்டாவதை அழுத்துகிறோம். முதலாவதை நாலைந்து முறை முயன்று பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

அழிந்ததை ஏதாவது சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஃபோன்களில் அது ஓரளவு நடந்தது. இப்போதைய ஃபோன்களில் நடக்காது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய ஃபோன் எல்லாவற்றிலும் டேட்டா பூட்டப்பட்டே சேமிக்கப்படுகிறது. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவி அழிகிறது. மெமரி சிப்பைப் பிரித்தெடுத்துப் படித்தாலும் குப்பைதான் கிடைக்கும்.

காத்திருந்தால் என்ன லாபம் என்பதற்கு ஒரு உதாரணம். 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைத்திருந்த சில பிக்சல் ஃபோன்களில் உள்ளிருக்கும் சேமிப்பையே திறக்க முடியாமல் போனது. சில ஃபோன்கள் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆயின. ரீசெட் செய்தவர்களுக்கு எல்லாம் போனது. தொடாமல் வைத்திருந்தவர்களில் சிலருக்கு நவம்பர் அப்டேட் வந்ததும் ஃபைல்கள் திரும்பக் கிடைத்தன. நம் ஃபோனுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்காமல், அதே மாடல் வைத்திருக்கும் வேறு யாருக்காவது இந்த வாரம் இதே கதையா என்று ஒரு தேடல் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஐஃபோனிலும் இதே பொறி வேறு பெயரில் இருக்கிறது. ரிகவரி மோடில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு பட்டன் வரும். 'அப்டேட்' சிஸ்டத்தை மட்டும் புதிதாக ஏற்றும், உங்கள் டேட்டாவைத் தொடாது. 'ரீஸ்டோர்' துடைத்துவிட்டு ஏற்றும். முதலில் 'அப்டேட்'தான். டவுன்லோடு 15 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் ஐஃபோன் ரிகவரி மோடிலிருந்து தானே வெளியே வந்துவிடும். டவுன்லோடு முடியட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி அந்த மோடுக்குக் கொண்டுபோனால் சரி.

சேஃப் மோடை மறந்துபோவது

லாக் ஸ்கிரீன் வரை வந்து விழுகிற ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு இதுதான் முதல் மருந்து. லோகோ வரும்போது வால்யூம் டவுனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பல மாடல்களில் சேஃப் மோடு வரும், நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது. எழுந்துவிட்டால் கடைசியாகப் போட்ட ஆப்பைத் தூக்குங்கள், இடம் நிரம்பியிருந்தால் பெரிய வீடியோக்களை வேறெங்காவது மாற்றுங்கள். சேமிப்பு விளிம்பு வரை நிரம்பிய ஃபோன் எழவே திணறும்.

காரணம் எவ்வளவு அற்பமாக இருக்கலாம் என்பதற்கு 2020-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏரியும் மலையும் உள்ள ஒரு அழகான போட்டோவை வால்பேப்பராக வைத்ததும் ஆண்ட்ராய்டு 10 ஃபோன்கள் பல வரிசையாக விழுந்தன. வைரஸ் எதுவும் இல்லை. அந்தப் படம் இருந்த நிற முறை ஆண்ட்ராய்டு எதிர்பாராதது. வெளிச்சத்தைக் கணக்கிடும்போது உச்ச அளவான 255-ஐத் தாண்டிய ஒரு எண் வந்தது, திரையை நடத்தும் புரோகிராம் அதோடு சுருண்டது. எழும் ஒவ்வொரு தடவையும் அதே வால்பேப்பர், அதே விழுகை.

அரிசி, ஹேர் டிரையர், ஃபிரிட்ஜ்

நனைந்த ஃபோனை அரிசிக்குள் புதைக்கக் கூடாது என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. அரிசித் தூள் உள்ளே போய் இன்னும் கெடுக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தை அரிசி உறிஞ்சி எடுக்கும் என்பது வெறும் நம்பிக்கைதான். அதைவிடக் கெடுதி, காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆன் செய்வதும் சார்ஜ் போடுவதும். ஈரமும் மின்சாரமும் சேரும்போது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு வேகமாக அரிக்கும். அணைத்து, துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, முடிந்தவரை சீக்கிரம் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள். ஹேர் டிரையர் சூடு பசையை இளக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் உள்ளேயே வியர்க்கும்.

தெரியாமல் ஃபிளாஷ் போடுவது

கம்ப்யூட்டரில் இணைத்து புது சாஃப்ட்வேர் ஏற்றுவதைக் கடைகளில் 'ஃபிளாஷ் போடுறது' என்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரே மாடலில் நாட்டுக்கு நாடு உள்ளே வேறு சிப் இருக்கலாம், ஒன்றுக்கான சாஃப்ட்வேர் மற்றதற்குப் பொருந்தாது. பழைய வெர்ஷனை ஏற்ற முயன்றால் பல ஃபோன்கள் ஏற்றுக்கொள்ளாது. சில ஃபோன்கள் அதோடு லோகோகூடக் காட்டாமல் செங்கல் ஆகிவிடும். பூட்லோடரைத் திறந்தால் டேட்டா தானாகவே அழியும், அது வடிவமைப்பே அப்படி. இதையெல்லாம் ஏற்கனவே செய்து பழகியவர் செய்யட்டும், முதல் பரிசோதனைக்கு அம்மாவின் ஃபோன் வேண்டாம்.

கடைக்குக் கொடுக்கும்போது

போகும் முன் வேறு ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, போட்டோ, தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் பேக்கப் என்ன தேதி வரை ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"சாஃப்ட்வேர்தான் சார், போட்டுரலாம்" என்று கவுன்டரில் சொன்னால் அதற்குப் பெரும்பாலும் ரீசெட் என்று பொருள். "போட்டா போட்டோ போயிடுமா?" என்று நேராகக் கேளுங்கள். டேட்டா வேண்டும், கேட்காமல் ரீசெட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். லோகோவில் நிற்பது சில சமயம் போர்டு கோளாறு. எல்ஜி ஜி4 ஃபோன்கள் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆனபோது, உள்ளே பாகங்களுக்கு இடையே தொடர்பு தளர்ந்ததுதான் காரணம் என்று 2016 ஜனவரியில் எல்ஜி ஒப்புக்கொண்டது. அந்த மாதிரிக் கோளாறுக்கு எத்தனை ரீசெட் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. போர்டு வேலை தெரிந்தவர் ஃபோனை ஒரு தடவை எழுப்பிக் கொடுத்தால், அந்த நேரத்துக்குள் தேவையானதை நகலெடுத்துவிடலாம். அதற்கு உங்கள் பின் நம்பர் கட்டாயம் வேண்டும், ரீஸ்டார்ட் ஆன ஃபோன் கைரேகையை ஏற்காது. நம்பரை ரசீதில் எழுதிக் கொடுக்காமல், ஃபோன் எழுந்ததும் கூப்பிடச் சொல்லி நீங்களே போய்ப் போடுங்கள்.